மருந்து என்று சொல்லி நின்ற இடம்

அன்று காற்று மேற்கிலிருந்து வீசியதா, தெற்கிலிருந்தா என்பது எனக்கு நிச்சயமில்லை. அவள் ஒன்று சொன்னாள், அவள் கணவன் வேறொன்று சொன்னான். மற்றதை இருவரும் ஒன்றுபோலச் சொன்னதால் நம்பி எழுதுகிறேன்.

பிறந்த நாட்டில் அவள் சிறிய விமானம் ஓட்டியவள். இருநூற்றுப் பத்து மணி நேரம் பறந்திருந்தாள். வந்த நாட்டில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை. "கேப்டன், அந்த மூட்டையைக் கொஞ்சம் தரையிறக்குங்க" என்பார் மேற்பார்வையாளர். சிரித்துவைப்பாள்.

பழைய உரிமத்தை இந்த நாட்டு உரிமமாக மாற்ற ஒன்றரை வருடம் அலைந்தாள். விமானச் சட்டத் தேர்வில் தேறிவிட்டாள். மிச்சம் மருத்துவச் சான்றும், பரிசோதகரோடு ஒரு பறப்பும்தான். ஆனால் அந்த உரிமம் உண்மையானது என்று பழைய நாட்டு அலுவலகம் அனுப்பிய சான்றுக் கடிதம் அந்த வார வெள்ளியோடு காலாவதி. அங்கே சண்டை மூண்டு அந்த அலுவலகமே மூடிக்கிடந்தது. இன்னொரு கடிதம் வராது. முதலிலிருந்து படிக்க அவளுக்கும் கணவனுக்கும் வசதியில்லை.

மனம் இருண்டுபோனதற்கு எட்டு மாதமாகத் தினமும் ஒரு மாத்திரை போட்டுவந்தாள். மருத்துவப் படிவத்தில் அதற்கென்றே ஒரு கேள்வி இருந்தது. ஆம் என்று போட்டால் சான்று உடனே கிடைக்காது.

"இல்லைன்னு போடு," என்றான் கணவன்.

"பொய்யா?"

"பறக்க முடியலைன்னுதானே அந்த மாத்திரை? பறந்துட்டா அது எதுக்கு? உண்மையைக் கொஞ்சம் முன்கூட்டியே எழுதறேன்னு வச்சுக்கோ."

அவள் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டாள். சான்று அன்றே கிடைத்தது.

வியாழக்கிழமை விமானத்தில் ஏறினாள். பக்கத்து இருக்கையில் கம்பளித் தொப்பி போட்ட பரிசோதகர்.

"உங்க வழக்கப்படி ஆரம்பிங்கம்மா."

இன்ஜினைக் கிளப்பும் முன் ஓட்டுபவர் தன்னைத்தானே உரக்கச் சோதித்துக்கொள்ள வேண்டும். அதை அவள் ஒருமுறைகூட விட்டதில்லை.

"உடம்பு, நல்லாருக்கு. மருந்து..."

வாய் நின்றுவிட்டது. காகிதத்தில் வராத கூச்சம் விமானி இருக்கையில் வந்தது. இங்கே அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. இதையும் கெடுத்துக்கொண்டால் தன்னிடம் மிஞ்சப்போவது என்ன என்று யோசித்தாள்.

"மருந்துன்னீங்க," என்றார் பரிசோதகர்.

"எடுக்கறேன் சார். எட்டு மாசமா." மாத்திரையின் பெயரையும் சொன்னாள்.

அவர் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். "இதை எங்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்மா."

"தெரியும் சார்."

"நாளைக்குக் கடிதம் முடியுதே."

"தெரியும்."

அவர் விமானத்தின் சாவியை உருவினார்.

வேலிக்கு வெளியே நின்ற கணவன், "என்னாச்சு, ரிப்பேரா?" என்றான்.

"சொல்லிட்டேன்."

அவன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

மருத்துவச் சான்றை ரத்து செய்தார்கள். கடிதம் காலாவதியானது. பரிசோதகர் மறுவருடம் ஓய்வு பெற்றார். கணவன் பஸ் ஓட்டுகிறான். அவள் அதே சலவைக்கூடத்தில் இரண்டாம் ஷிப்டில் இருக்கிறாள். பிறகு அவள் விமானம் ஓட்டவில்லை.