வெளிப்பக்கம் திறக்கும் கதவு

கருமம், இது மனிதன் இருக்கிற வீடா? வாசலில் கால் வைத்ததுமே நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. நாங்கள் வந்த அன்று இப்படி இல்லை. அடுப்பு மேடையைத் துடைத்து, பாத்திரங்களைக் கவிழ்த்து, தரையைக் கழுவி, பளிச்சென்று வைத்திருந்தார்கள். இன்று அந்தப் பாத்திரம் ஒன்றில் மாப்பிள்ளை கால் கழுவுகிறான். கல்யாணமே ஆகாத பயல். குண்டு விழுந்தாலும் தலையை வாரிக்கொண்டு நிற்பதால் அவனுக்கு அந்தப் பெயர். யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிச் சீருடையைக் கிழித்துத் துப்பாக்கி துடைக்கிறார்கள். தெருவில் தலையை நீட்டினால் எதிரி சுட்டுவிடுவான் என்று பின்பக்கத்துச் சின்ன அறையையே கக்கூஸ் ஆக்கிவிட்டார்கள். சுவரில் பூனைப் படங்கள் ஒட்டியிருக்கிற அறை. அத்தனை பூனையும் பார்த்துக்கொண்டிருக்க இவர்கள் போய்க் குந்துகிறார்கள். த்தூ.

என்னை மட்டும் யோக்கியன் என்று நினைத்துவிடாதீர்கள். ஊரில் நான் தச்சன். இங்கேயும் தச்சன்தான், ஆனால் தலைகீழ்த் தச்சன். எந்த வீட்டுக்குள் புகுந்தாலும் கதவுகளைக் கழற்றுவது என் வேலை. பதுங்குகுழிக்குக் கூரை போடக் கதவைப் போல வாகான பலகை கிடையாது. குழிமேல் படுக்க வைத்து மண்ணைக் கொட்டிவிட்டால் போதும். உடைத்தால் பலகை பிளந்துவிடும். அதனால் எங்கள் குழுவின் தலைவன் தாடி என்னைத்தான் கூப்பிடுவான். கீலில் இருக்கிற ஆணியைக் கீழிருந்து உளியால் தட்டினால் மேலே எழும்பி வந்துவிடும். எல்லா ஆணியையும் உருவிவிட்டால், தூங்குகிற குழந்தை மாதிரி கதவு நம்மேல் வந்து சாயும். தங்கமான கை என்று தாடி மெச்சுவான். அந்தத் தங்கமான கையால் ரொட்டியைப் பிய்த்துத் தின்னவே எனக்குக் குமட்டுகிறது.

இந்த வீட்டில் ஒரு கதவு மட்டும் உள்ளே தாழ் போட்டிருந்தது. அதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை.

மத்தியானம் தண்ணீர் லாரி வந்தது. டிரைவரிடம் ஒரு போன் உண்டு. எங்கள் தொட்டி நிறைகிற வரைக்கும் ஆளுக்குக் கொஞ்சம் பேசிக்கொள்ளக் கொடுப்பார், நல்ல மனுஷன். என் முறை வந்ததும் தெருப்பக்கம் தெரியாதபடி லாரியின் மறைவில் நின்று வீட்டுக்குப் போட்டேன்.

எப்போதும் அழுகிற என் பெண்டாட்டி இன்று சந்தோஷமாகப் பேசினாள். சண்டை எங்கள் ஊர்ப்பக்கம் நகர்ந்துவிட்டதாம். நம் படை எங்கள் தெருவில் வந்து இறங்கப் போகிறதாம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் மூட்டை கட்டிக் கிளம்பிவிட்டார்களாம். இவள் மட்டும் மகளை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். வருவது நம் ஆட்கள்தானே, எதற்கு ஓட வேண்டும் என்று என்னையே கேட்டாள். வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டாளாம். டீத்தூளும் சர்க்கரையும் நிறைய வாங்கி வைத்திருக்கிறாளாம். ராணுவ உடுப்பில் நான் நிற்கிற படத்தைக் கூடத்தில் மாட்டிவிட்டாளாம். அதைப் பார்த்தால் மரியாதையாக நடந்துகொள்வார்களாம்.

எல்லாம் என் வாய்க்கொழுப்பு. லீவில் போகும்போதெல்லாம் அளந்து விட்டிருக்கிறேன். பட்டாளத்துக்காரன் படுத்த பாயை மடித்துத்தான் வைப்பான், பெண்பிள்ளைகள் எதிரில் குரலை உயர்த்த மாட்டான் என்று. தாயும் மகளும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது அதையே நம்பிக்கொண்டு வீட்டைக் கழுவி வைத்திருக்கிறார்கள்.

உடனே உன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பு என்றேன். இவளுக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம். அந்த அண்ணி மூஞ்சியில் முழிப்பதற்கு இங்கேயே கிடந்து சாவேன் என்றாள். கெஞ்சினேன், திட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த தாடி, காதை என் பக்கம் திருப்பி வைத்திருந்தான். மாப்பிள்ளை அடுத்த முறைக்காகப் பின்னால் நின்று கனைத்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க இப்படிப் பதர்றீங்க? பயமா இருந்தா நானும் பாப்பாவும் அவ ரூமுக்குள்ள போய்த் தாழ் போட்டுக்கறோம். நீங்க செஞ்ச கதவுதானே. யானை வந்து முட்டினாலும் உடையாது."

பாப்பா என்று கூப்பிட்டாலும் அவளுக்குப் பதினைந்து வயது. அந்த அறை சின்னது. உள்பக்கம் திறந்தால் கட்டிலில் இடிக்கும் என்று, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி கதவு வைத்தேன். வெளிப்பக்கம் திறக்கிற கதவுக்குக் கீலும் வெளிப்பக்கம்தான் இருக்கும். உள்ளே எத்தனை தாழ் போட்டால் என்ன? அதற்கு என்னைப் போல ஒரு தச்சன்கூட வேண்டாம், மாப்பிள்ளையே போதும்.

"உடைக்க மாட்டாங்க. கழட்டுவாங்க."

"நம்ம ஆளுங்க எதுக்குங்க கழட்டப் போறாங்க? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தாடி என்னை முறைத்தான். முறைக்கட்டும், நாசமாய்ப் போகிறவன்.

"நான்தான் கழட்டறேன். இங்க போற வீடெல்லாம் நான்தான் கழட்டறேன்."

அவள் மெதுவாகக் கேட்டாள். "ஆளில்லாத வீடுதானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைத்தான் அவளும் எதிர்பார்த்தாள். சொன்னால் நான் நல்லவனாகவே இருந்திருப்பேன். அவளும் நிம்மதியாக அந்த அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டிருப்பாள்.

"இருந்தாங்க" என்றேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்த வீட்டிலும் அந்தப் பூனைப் பட அறையின் கதவு வெளிப்பக்கம்தான் திறக்கும். உள்ளே ஒரு தாயும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். நான் ஆணியைத் தட்டத் தட்ட, அந்த அம்மாள் உள்ளேயிருந்து கெஞ்சிக்கொண்டே இருந்தாள். நான் நிறுத்தவில்லை. கதவு என்மேல் சாய்ந்தபோது, சின்னவள் தாழ்ப்பாளை விடாமல் பிடித்துக்கொண்டு கதவோடு இழுபட்டு வந்தாள். தாடி மூன்று பேரையும் வெறுங்காலோடு தெருவுக்குத் துரத்தினான், நாங்கள் தலை நீட்டப் பயப்படுகிற அதே தெருவுக்கு. போகும்போது பெரியவளின் பின்னலைப் பிடித்து மாப்பிள்ளை இழுத்தான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதிலும் பெருமைப்பட ஒன்றுமில்லை. கதவைத் தூக்கிக்கொண்டிருந்ததால் எனக்கு மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

"பெரிய பொண்ணுக்கு என்ன வயசு இருக்கும்?"

"நம்ம பாப்பா வயசு."

"இப்ப எங்க இருக்காங்க?"

"தெரியல."

தொட்டி நிறைந்து தண்ணீர் வழிந்தது. யாரும் குழாயை நிறுத்தவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பா, செருப்பைப் போடு" என்று இவள் சொல்வது கேட்டது. "மாமா வீட்டுக்குப் போறோம். இப்பவே."

அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. அந்தப் பக்கம் மகள் ஓடி வருகிற சத்தம் கேட்டது.

"போன்ல அப்பாவா? குடும்மா, நான் பேசறேன்."

"வேண்டாம்" என்றாள் இவள். போனை வைத்துவிட்டாள்.