மூன்றடி மண்

கடலோர ஊரான முவாண்டாவின் செம்மண் மேட்டைக் கடல் இன்றும் கடித்துத் தின்றது. லூசோலோவின் கல்லறைக்கும் விளிம்புக்கும் நடுவே மூன்றடிதான் மிச்சம்!

மண்வெட்டியும் கையுமாக நின்ற அவள் கணவன் புவாத்தி, எல்லை ஆற்றுக்கு அக்கரையில், அடுத்த நாட்டு ஊரான சோயோவில் இருக்கும் அவளுடைய அண்ணனுக்குப் போன் போட்டான்.

"மச்சான், எலும்பையாவது எடுத்து ஊருக்குள்ள புதைச்சிடறேன். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அவ எங்க குலத்துப் பொண்ணு. கட்டினவன் கல்லறையைத் தொடக் கூடாது. நான் வந்துதான் தோண்டணும்."

"எப்ப வருவீங்க?"

"எல்லையை மூடிட்டாங்க, படகு விடலை. பொறுய்யா! கல்யாணப் பரிசத்துக்கே ஒரு ஆட்டைக் குறைச்சுக் கொண்டுவந்தவன், இப்ப அவசரப்படறான்!"

"கடல் பொறுக்காது மச்சான்."

"தொட்டுப் பாரு. உன் பிள்ளைங்களை இங்க கூட்டிக்கிட்டு வந்துடுவேன். தாய் வழியில அவங்களும் எங்க குலம்தான்."

சொன்னால் செய்வார். ஊரும் அவர் பக்கம்தான் பேசும். புவாத்தி மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தான்.

மாலையில் மீண்டும் போன்.

"நாளைக்குப் படகு விடறாங்களாம். கல்லறை பத்திரமா இருக்குல்ல?"

போனைக் காதில் வைத்தபடியே புவாத்தி விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தான். கீழே, சிவந்த நுரைக்கு நடுவே, லூசோலோவின் மரச்சிலுவை மிதந்து போய்க்கொண்டிருந்தது.