மூன்று தட்டு

பெங்களூர் ஹெப்பகோடியில் அந்த ஒன்பதாவது மாடி வீட்டு ஹாலில் ஏணியை விரித்து நிறுத்தியதும், அதன் காலில் டெஸ்டரால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன். சில ஏணிகள் ஊமை. எங்களுடையது அலுமினியம், நன்றாகவே பேசும். மரக்கை வைத்த மூன்று சாய்வு நாற்காலிகள் டிவியைப் பார்த்து வரிசையாக இருந்தன. நடு நாற்காலிக்குப் பின்னால் ஏணியைத் தள்ளிவைத்துக்கொண்டு நின்றேன். என் இடம் அதுதான். நடு நாற்காலி என் வீட்டுக்காரர் கிளெமென்ட்டுக்கு.

ஹோம் தியேட்டர் மாட்டுவது எங்கள் தொழில். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பக்கத்துக்கு ஒன்று, பின்சுவரில் இரண்டு, மூலையில் சப்வூஃபர். குழாய்க்குள் வயர் இழுப்பது, நுனி சீவுவது, எது எங்கே போகிறது என்று சீட்டு ஒட்டுவது எல்லாம் நான். அப்புறம் மைக்கை நடுச் சீட்டில் காது உயரத்துக்கு வைத்தால் ரிசீவரே எல்லாவற்றையும் அளந்துகொள்ளும். அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஜெயநகரிலிருந்தும் ஒயிட்ஃபீல்டிலிருந்தும் எங்களைத் தேடிக் கூப்பிடுவது அதற்கு மேல் நடக்கிற கால்மணி நேரத்துக்காகத்தான். கிளெமென்ட் நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் 'ஷ்ஷ்' என்று ஓடும் இரைச்சலைக் கேட்டு, ரிமோட்டில் துளி ஏற்றுவார், துளி இறக்குவார். கடைக்காரர்கள் நடுவே 'கிளெமென்ட் காது' என்றே பேச்சு. அந்தக் காதில் இடது பக்கம் போன வருஷத்திலிருந்து பாதிதான் வேலை செய்கிறது என்பது அவருக்கும் எனக்கும் ஒரு டாக்டருக்கும் மட்டும் தெரியும்.

டாக்டர் மிஷின் வைத்துக்கொள்ளச் சொன்னார். "காதுல மிஷின் மாட்டிக்கினு ஸ்பீக்கர் டியூன் பண்ண வர்றவன எவன் வூட்டுக்குள்ள உடுவான்?" என்று இவர் என்னைக் கேட்டார், ஏதோ நான்தான் அந்த மிஷினைக் கண்டுபிடித்தவள் போல. அதனால் இந்த ஏணித் தட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

நாங்கள் இரண்டு பேரும் கோலார் தங்கவயல். என் அப்பா சுரங்கத்தில் மணியடிக்கிற வேலை பார்த்தவர். அடியில் நிற்பவன் கத்தினால் மேலே கேட்காது, மணிதான் பேச்சு. ஆளை ஏற்றி இறக்கும் கூண்டு நிற்கும்போது ஒரு மணி அடித்தால் ஏற்று என்று அர்த்தம். ஓடும்போது ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு மணி, இறக்கு. மூன்று மணி, ஆள் ஏறுகிறது, பார்த்து. எங்கள் லைன் வீட்டுப் பிள்ளைகள் கதவைத் தட்டி விளையாடுவதே இந்தக் கணக்கில்தான். இப்போது ஏணியில் நான் ஒரு தட்டுத் தட்டினால் அவர் சத்தத்தை ஏற்றுவார், இரண்டு தட்டினால் இறக்குவார், போதுமென்றால் இன்னொரு தட்டு. மூன்று தட்டுக்கு இந்தத் தொழிலில் வேலையே கிடையாது.

பார்க்கிறவர்களுக்கு, நின்று நின்று சலித்துப்போன பொம்பளை ஏணியில் தாளம் போடுகிறாள், அவ்வளவுதான். "மேடம் ஹெல்ப்புக்கு வந்தவங்களா?" என்று கேட்பார்கள். இவர் ஆமாம் என்று தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று காலை பொம்மனஹள்ளி சிக்னலில் வண்டியில் பின்னால் இருந்தபடி, அவருடைய வலது தோள் பக்கம் சாய்ந்து, "காது விசயத்த சொல்லிட்டே செஞ்சா இன்னாவாம்?" என்று கேட்டேன்.

"சொன்ன மறுநாளே நம்ம கதை முடிஞ்சிச்சு, சுனிதா."

"அப்ப நான் வராத அன்னிக்கி?"

பச்சை விழுந்துவிட்டது. அவருக்கு அது வசதியாகப் போயிற்று.

எங்களைக் கூப்பிட்டது வீணா என்ற பெண். ஆபீசுக்குப் போய்விட்டாள், வீட்டில் அப்பா மட்டும். ஆதிகேசவன் என்று பெயர்ப் பலகையில் இருந்தது. எழுபது வயது இருக்கும், ஒல்லியான உடம்பு. "பன்னி, ஒளகே பன்னி" என்று கன்னடத்தில் உள்ளே கூப்பிட்டவர், காபி வேண்டுமா என்றும் கன்னடத்திலேயே கேட்டுக் கொடுத்துவிட்டு, பால்கனிப் பக்கம் பேப்பரோடு உட்கார்ந்துவிட்டார். தொந்தரவு இல்லாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

மைக் வேலை முடிந்தது. கிளெமென்ட் நடு நாற்காலியில் கண்ணை மூடினார். இரைச்சல் முன்பக்கம் சுற்றி வலது பின்னால் வந்தது, சரியாகவே வைத்தார். இடது பின்னால் வந்ததும் வழக்கம்போல ஏற்றிக்கொண்டே போனார். நான் இரண்டு தட்டினேன். இறங்கியது. ஒன்று தட்டினேன். நின்றது.

பால்கனியில் பேப்பர் மடிகிற சத்தம் கேட்டது.

பெரியவர் எழுந்து வந்து என் பக்கத்தில், ஏணியை ஒட்டி நின்றார். என் கை டெஸ்டரோடு அப்படியே தங்கிவிட்டது. இரைச்சல் இன்னொரு சுற்று வந்தது. தட்டு வரவில்லை என்றதும் கிளெமென்ட்டின் தோள் இறுகியதைப் பார்த்தேன். இடது பின்பக்கம் வந்ததும், கேட்கவில்லையே என்ற பயத்தில், ஏற்றினார், மறுபடி ஏற்றினார். அந்த ஸ்பீக்கர் அலறியது. இன்றைக்குத் தொலைந்தோம் என்று நினைத்தேன்.

அப்போது ஏணியில் இரண்டு தட்டு விழுந்தது. தட்டியது பெரியவர், கையிலிருந்த வீட்டுச் சாவியால்.

கிளெமென்ட் இறக்கினார். பெரியவர் காத்திருந்தார். சரியாக வந்த இடத்தில் ஒரு தட்டு. நின்றது. நானாக இருந்தாலும் அங்கேதான் தட்டியிருப்பேன். ஆனால் என் தட்டுக்கும் அந்தத் தட்டுக்கும் வித்தியாசம் கிளெமென்ட்டுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தார்.

"தங்கவயல்ல இருபது வருசம் கூண்ட ஏத்தி எறக்கற வைண்டிங் என்ஜின் ஓட்டுனவன் நானு. மணி கேட்டா கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றார் ஆதிகேசவன், நல்ல தமிழில், எங்கள் ஊர்த் தமிழில். "உங்க பேச்ச கேட்டதுமே தெரிஞ்சிது. ஊர்க்காரங்கன்னு பேச ஆரம்பிச்சா வேலை நடக்காதுன்னுதான் வாய மூடிக்கினு இருந்தேன்."

இரைச்சல் மட்டும் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. கிளெமென்ட் அதை அணைத்தார். வேறு ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"எனக்கு லெஃப்ட் காது சரியா கேக்கறதில்ல சார்" என்றார். "ஒரு வருசமா இவதான் கேட்டுச் சொல்றா. நான் ரிமோட்ட அமுக்கறதோட சரி."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு வருஷமாகக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. அதை இப்படி, திருட்டுப் பொருளோடு பிடிபட்டவன் மாதிரி அவர் சொல்லிக் கேட்டபோது சந்தோஷமாகவே இல்லை. ஓடிப்போய் அவர் வாயை மூடவேண்டும் போலிருந்தது.

"பொண்ணுகிட்ட சொல்வீங்களா சார்?" என்று கிளெமென்ட் கேட்டார்.

"அவ ஆறு மணிக்கு வருவா. வந்தவொடனே போட்டுக் கேப்பா. ராங்காரி, ஒண்ணு கொறஞ்சாலும் கண்டுபுடிச்சிடுவா" என்றார் ஆதிகேசவன். பிறகு சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, "என்ஜின் ரூம்ல இருந்து பாத்தா எனக்குக் கூண்டே தெரியாது. மணிய நம்பித்தான் ஓட்டினேன். ஒரு நாளும் வெக்கப்பட்டதில்ல. ஏம்மா, உக்காந்து கேக்கறவங்களுக்குத்தானே சவுண்டு? நீ எதுக்கு நின்னுக்கினே கேக்கற?" என்றார்.

கிளெமென்ட் எழுந்தார். என்னைப் பார்க்காமல் நாற்காலியை மட்டும் கையால் ஒரு தட்டுத் தட்டித் துடைத்தார், விருந்தாளிக்குச் செய்வதுபோல.

எத்தனையோ வீட்டில் அந்த நடு இடத்துக்காக வயர் இழுத்திருக்கிறேன், ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை. நான் உட்கார்ந்ததும் கிளெமென்ட் இரைச்சலை ஓடவிட்டார். சுற்றிக்கொண்டு வந்தது. பின்பக்கம் வந்தபோது எனக்குத் திக்கென்றது. இத்தனை நாள் பின்னால் நின்ற இடத்திலிருந்து நான் சரி என்று தட்டிக்கொடுத்ததெல்லாம் இங்கே உட்கார்ந்தால் ஒரு துளி குறைவு. தப்பு செய்தது அவர் மட்டுமில்லை, நானும்தான் என்று நினைக்கும்போது, வெட்கத்தோடு கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

"முதல்லருந்து வெக்கலாம்" என்றேன்.

இரைச்சல் நின்றது. திரும்பிப் பார்த்தேன். ஏணி பக்கத்தில், என் இடத்தில், கிளெமென்ட் வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, ரிமோட்டை நெஞ்சோடு பிடித்து நின்றிருந்தார். டெஸ்டர் இன்னும் என் கையில்தான் இருந்தது. கூண்டில் ஆள் ஏறும்போது அடிப்பதுபோல, நாற்காலியின் மரக்கையில் அதன் பிடியால் தட்டினேன். ஒன்று. இரண்டு. மூன்று.

பொத்தானுக்கு மேல் அவருடைய கட்டைவிரல் அமுக்காமல் அடுத்த தட்டுக்குக் காத்திருந்தது.