புளியடி வளைவில் தர்சிகா

மருதனார்மடம் சந்தியைத் தாண்டினால் வருகிற புளியடி வளைவில், முப்பதுக்கு மேல் ஓடக்கூடாது என்று ஒரு பலகை. உதயகலா கேட்டது அவ்வளவுதான். ரியூசன் முடிந்து வந்த அவளுடைய ஒரே மகள் தர்சிகாவை, வேகமாக வந்த வான் ஒன்று அடித்துத் தூக்கிப் போட்டது அந்த இடத்தில்தான். இன்றைக்கும் பின்னேரமானால் பிள்ளைகள் அங்கேதான் றோட்டைக் கடக்கிறார்கள்.

பிரதேச சபைத் தவிசாளர் பொல்லாத மனிதரில்லை. தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் கையை விரித்தார்.

"அக்கா, றோட்டு எங்கடை ஊரிலைதான் கிடக்கு. ஆனா என்ன வேகத்திலை ஓடவேணும் எண்டு சொல்லுற அதிகாரம் எங்களிட்டை இல்லை. கொழும்பிலை இருந்துதான் வரவேணும். எழுதிப் போட்டிருக்கிறம்."

கொழும்பில் இருக்கிறவர் புளியடி வளைவைக் கண்டதுண்டா? வெளியே வந்து, அந்த வழியால் போன ஓட்டோவை மறித்து ஏறினாள். ஓட்டியவன் மயிலிட்டிப் பக்கத்துக் கஜீபன். இந்தப் பக்கம் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நாள்தான். அவளை அவனுக்குத் தெரியாது.

வளைவு வந்ததும் ஓட்டோ சீறிப் பாய்ந்தது. கடக்க நின்ற இரண்டு பிள்ளைகள் வேலியோடு ஒட்டிக்கொண்டார்கள்.

"என்ன தம்பி, இந்த இடத்திலை போய் இப்பிடி ஓடுறீர்?"

"அன்ரிக்குத் தெரியாதே? உதிலை ஒரு பெட்டை நிக்கிறாள். அடிபட்டுச் செத்தவள். மெல்லமாப் போனா வாகனத்திலை ஏறிடுவாளாம். அதுதான் எல்லாரும் இதிலை அமத்திப் பிடிச்சு ஓடுறவை."

செத்த பிள்ளைக்குப் பயந்து உயிரோடு இருக்கிற பிள்ளைகளை அடிக்கப் போகிறார்களே, பாவிகள்! என் பிள்ளை பேயில்லையடா என்று கத்த உதயகலா வாயெடுத்தாள். கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடித்து, 'போ பிள்ளை, இனி இஞ்சை வராதை' என்று கடலைப் பார்த்துச் சொல்லி அனுப்பிய பிள்ளை அவள். நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தவள்.

வேலியோடு ஒட்டிய பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். வாயில் வேறு சொல் வந்தது.

"உமக்கு ஆரோ பிழையாச் சொல்லிப்போட்டினம் தம்பி. மெல்லமாப் போறவையை அவள் ஒண்டும் செய்யமாட்டாள். பறந்து போறவையோடைதான் ஏறுவாள். ஏறினா வீடு வரைக்கும் வருவாள்."

"அன்ரிக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான் அவளைப் பெத்தனான்."

அதற்குப் பிறகு ஓட்டோ நடக்கிற வேகத்தில்தான் போனது. இறங்கும்போது காசு வாங்கவும் அவனுக்குக் கை வரவில்லை.

கதை சந்தி முழுக்கப் பரவ அதிக நாள் எடுக்கவில்லை. இப்போது மினிபஸ்காரனும் மண் ஏற்றும் ரிப்பர்காரனும் புளியடியில் ஊர்ந்துதான் போகிறார்கள். சிலர் உதட்டுக்குள் தேவாரம் முணுமுணுக்கிறார்கள். பிள்ளைகள் சிரித்துக் கதைத்தபடி கடக்கிறார்கள்.

பின்னேரங்களில் உதயகலாவும் அங்கே போய் நிற்கிறாள். ஆனால் புளியமரத்தடியைப் பார்க்க அவளுக்கே பயம். அனுப்பி வைத்தவளைத் திரும்பக் கூப்பிட்டது தான்தான் என்று அவளுக்குத் தெரியும். மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெதுவாகச் சொல்வாள்:

"பலகை வருமட்டும் நில்லு பிள்ளை. வந்தோடனை அம்மா உன்னைக் கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

பலகை இன்னும் வரவில்லை.