குறுக்கே வந்தவள்

எங்கள் மதுக்கடைக்குப் பெயர் 'செம்மறிக்குட்டி'. பென்ட்ரிவ் மலையில் முதல் நிலக்கரிச் சுரங்கம் தோண்டிய வருடமே என் மாமனார் இதைத் திறந்தார். கூடத்தில் கிடக்கும் நீண்ட மேசையில் யாரும் பீர் வைப்பதில்லை. முதல் வாயு வெடிப்பில் செத்தவர்களை அதன்மேல்தான் கிடத்தினார்கள். மரண விசாரணையும் இங்கேயே நடந்தது. அவர்களுடைய குவளைகள் இன்னும் கொக்கியில் தொங்குகின்றன.

சுரங்க ஆட்கள் காலை ஷிப்டுக்குப் போகும்போது தெருவில் பெண்பிள்ளை எதிரே வந்தால் ஒருத்தனும் குழிக்குள் இறங்கமாட்டான். அதனால் அவர்கள் தாண்டிப் போனபிறகே நான் கதவைத் திறப்பேன். வெடிமருந்துக்குப் பயப்படாத சூரர்களுக்கு என் பாவாடையைக் கண்டால் நடுக்கம்!

அந்த வியாழக்கிழமை விடிகாலை பீப்பாய் எடுக்க நிலவறைக்குச் சுரங்க விளக்கோடு இறங்கினேன். சுடரின் உச்சியில் நீலம் படர்ந்தது. எங்கள் நிலவறைக்கு அடியில் பழைய சுரங்கம் ஓடுகிறது. வெடிக்கிற வாயு சேர்ந்தால்தான் விளக்கு இப்படி நீலமாக எரியும்; அது மேலே ஏறிவிட்டது.

என் புருஷன் இத்ரிஸ்தான் அந்த ஷிப்டின் மேஸ்திரி. பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கீழ தீ நீலமா எரியுது. இன்னிக்கு இறங்காதீங்க."

"பீப்பாய மோந்தே உனக்கு ஏறிருச்சாடி? விடியுறதுக்கு முன்னாடியே குழியச் சோதிச்சவங்க வாயு இல்லன்னு எழுதிட்டாங்க. போய் வேலையப் பாரு."

அவர் போய் ஆட்களோடு சேர்ந்துகொண்டார். கதவைத் திறந்து, குறுக்குச் சந்து வழியாக ஓடி, நடுத்தெருவில் அவர்களுக்கு எதிரே போய் நின்றேன்.

"அடிப் பாவி!" என்றார் கிழட்டு எம்ரிஸ். "ஒரு நாள் கூலி போச்சே! நீ நல்லா இருப்பியா?"

முப்பத்திரண்டு பேரும் திட்டிக்கொண்டே திரும்பினார்கள். கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்ரிஸ் மட்டும் திரும்பவில்லை. முகமெல்லாம் சிவந்திருந்தது.

"பொண்டாட்டிக்குப் பயந்த மேஸ்திரின்னு ஊரே சிரிக்கும். வழிய விடு."

கையைப் பிடித்தேன். உதறிவிட்டுத் தனியாகப் போனார்.

எட்டரை மணிக்கு அலமாரியில் பாட்டில்கள் குலுங்கின. நீண்ட மேசையை நானேதான் துடைத்து வைத்தேன்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கடைக்கு வந்தார்கள். எம்ரிஸ், கொக்கியில் தொங்கிய இத்ரிஸின் குவளையைப் பார்த்தார்.

"தங்கமான மனுஷன். பொம்பளை குறுக்க வந்தா போகக்கூடாதுன்னு அவனுக்குத் தெரியாததா? இவ வராம இருந்திருந்தா இன்னிக்கு இருந்திருப்பான்."

மற்ற முப்பத்தொரு தலைகளும் ஆடின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை பேருக்கும் குவளைகளை நிரப்பி நீட்டினேன்.

ஒருவனும் என் கையிலிருந்து வாங்கவில்லை.

"அப்படி வச்சிட்டுப் போ," என்றார் எம்ரிஸ்.