வள்ளல் வெட்டிய கிணறு

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் நிறைய நிலம் வைத்திருக்கும் பெரிய சம்சாரி தங்கபாண்டி ஒரு தாளோடு வந்து நின்றார். ஊரில் என் அம்மா அவரை முதலாளி என்பாள். என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாருமே எனக்கு சார்தான். வாங்க சார் என்றதுமே அவர் முகம் சுண்டிவிட்டது.

"கோயில் கும்பாபிசேகத்துக்குக் கல்வெட்டு வைக்கோம், அனுசியா. ஊரு வரலாறு. பிழையில்லாம அடிச்சுக் குடு. நம்ம ஊருப் பொண்ணுன்னுதான் ஒன்ட்ட வந்தேன்."

அடித்தேன். கண்மாய் வந்தது, கோயில் வந்தது, ‘சாதி வேறுபாடின்றி’ என்ற பச்சைப் பொய்யும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் அடித்தேன். அடுத்த வரியில் கை நின்றுவிட்டது. ‘குடிநீர்க் கிணறு, வள்ளல் பொன்னுச்சாமி வெட்டியது.’

பொன்னுச்சாமி இவருடைய அப்பா. நிலம் கொடுத்தார், இல்லையென்று சொல்லவில்லை. வெட்டும்போது வரப்பில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். வெட்டியது என் அப்பா சோணைமுத்து. நாற்பதடி ஆழத்தில் மண் சரிந்து உள்ளேயே செத்துப்போனார். அப்போது எனக்கு ஏழு வயது.

"சார், எங்கப்பா பேரு?"

"கூலிக்கு வந்தவன் பேரெல்லாம் கல்லுல ஏத்த முடியுமா?"

"அந்தக் கிணத்துக்குள்ளயே செத்தவரு பேரு சார்."

வெளியே ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அதான் வேண்டாங்கேன். கும்பாபிசேகத்துக்குத் தீர்த்தமே அந்தக் கிணத்துலதான் எடுக்கோம். சாவு விழுந்த கிணறுன்னு எழுதி வச்சா வெளியூரு சம்பந்தக்காரன் என்ன நெனப்பான்?"

எனக்கு உச்சி வரைக்கும் எரிந்தது. முப்பது வருடமாக அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள், பெயர் மட்டும் தீட்டாம்.

"அப்ப அடிக்க மாட்டேன். வேற கடை பாருங்க."

"ஒங்காத்தா இன்னும் ஊர்லதான் இருக்கா. அந்தத் தண்ணியத்தான் குடிக்கா. யோசிச்சுப் பேசு."

பயந்தேன், பொய் சொல்வானேன்? அவர் முன்னாலேயே அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தப் பொய்ய நீ அடிக்காத தாயி," என்றாள் அம்மா. "தண்ணிய நிப்பாட்டுனா நிப்பாட்டட்டும். நான் பரளச்சிக்கு நடந்துபோயி எடுத்துக்கிருதேன்."

தங்கபாண்டி தாளைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார். அங்கே பத்தே நிமிடத்தில் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? பஸ் ஏறப் போனவர், வேண்டுமென்றே என் கடை வாசலுக்கு வந்து தாளை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"படி."

படித்தேன். முதலில் கொண்டுவந்ததில் இல்லாத இரண்டு சொற்களைப் புதிதாகச் சேர்த்திருந்தார். ‘வள்ளல் பொன்னுச்சாமி தன் கையால் வெட்டியது.’