கணக்கில் வராத கை

அன்று ஐந்தாம் பாரம் வகுப்பில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவே இழுத்துப்போட்ட மேஜைக்குப் பின்னால் அக்கிராசனராகத் திருவேங்கடம். அவனுக்கு வலப்பக்கத்து பெஞ்சில் நான்கு அங்கத்தினர்கள், இடப்பக்கத்தில் நான்கு பேர். இடப்பக்கத்தில் முதல் ஆள் கிறிஸ்துதாஸ். மற்றப் பையன்கள் ஊர் ஜனங்களாகத் தரையில். ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தவர் சரித்திர வாத்தியார் டேவிட். கரும்பலகைக்குக் கீழே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் ஹெட்மாஸ்டர், இன்னொன்றில் மணவாள நாயக்கர். கதவருகே ஸ்டூலில் அட்டையை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தவன் பள்ளிக்கூடத்து ரைட்டராகிய நான்.

யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம். பூந்தமல்லிக்கு மேற்கே இருந்த எங்கள் ஹைஸ்கூலுக்கு ஜில்லா கல்வி அதிகாரியிடமிருந்து ஒரு தாக்கீது வந்திருந்தது. சரித்திரப் புத்தகத்தின் கடைசியில் வரும் ஸ்தல சுயாட்சிப் பாடத்தை வெறுமனே ஒப்பிக்க வைக்காமல், பையன்களை மாதிரிப் பஞ்சாயத்து நடத்தச் சொல்லி, நடந்ததை எழுதி அனுப்ப வேண்டும். விஷயத்தைப் பையன்களே கொண்டுவரட்டும் என்று டேவிட் விட்டுவிட்டார். ஹைரோட்டிலிருந்து கிறிஸ்தவர் காலனி வரைக்கும் லாந்தர் கம்பங்கள் நட வேண்டும் என்று கிறிஸ்துதாஸ் எழுதிக் கொடுத்தான். ஹெட்மாஸ்டர் அதைப் படித்துவிட்டு, கொசு ஒழிப்பு என்று மாற்றிக்கொள்ளலாமே என்றார். வாத்தியார் சொல்லிக் கொடுத்த தீர்மானத்தைப் போட்டால் அது பஞ்சாயத்து இல்லை, டிராமா என்றார் டேவிட்.

ஹெட்மாஸ்டரின் கவலைக்குக் காரணம் இருந்தது. இதே லாந்தர் விஷயம் நிஜப் பஞ்சாயத்தில் பல முறை வந்து, அடுத்த கூட்டத்துக்கு என்று தள்ளித் தள்ளிப் போடப்பட்டிருந்தது. அந்தப் பஞ்சாயத்தின் பிரசிடெண்ட் மணவாள நாயக்கர். பள்ளிக் கமிட்டிக்கும் அவரே தலைவர். திருவேங்கடம் அவருடைய மகன். டேவிட்டோ தற்காலிக வாத்தியார். அவரை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று அந்த மாதக் கடைசியில் கமிட்டி கூடித் தீர்மானிக்க வேண்டும். கமிட்டி கூடினாலும் கூடாவிட்டாலும் முடிவு நாயக்கருடையதுதான்.

கூட்டம் ஒழுங்காகவே நடந்தது. வலப்பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்து, மண்ணெண்ணெய் விற்கிற விலையில் காலனிக்கு லாந்தர் எதற்கு, அங்கே பொழுது சாய்ந்ததும் எல்லோரும் படுத்துவிடுகிறார்கள் என்று பேசினான். கிறிஸ்துதாஸ் எழுதி வைத்திருந்த காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"தூங்கலீங்க. வெளிய வர முடியாம உள்ளயே கீறாங்க. எங்கம்மா சூளையிலேர்ந்து ஊட்டுக்கு வரதே இருட்டுலதான்."

அவனுடைய அம்மா லூர்தம்மாள் செங்கல் சூளையில் கல் சுமப்பவள். தரையில் இருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றான் திருவேங்கடம்.

நிஜப் பஞ்சாயத்தில் ஒரு வழக்கம் உண்டு. குமாஸ்தா தீர்மானத்தை வாசித்து இதே வார்த்தைகளைச் சொல்வார். நாயக்கர் கை முதலில் மேலே போகும். அதைப் பார்த்து மற்றக் கைகள் போகும். அவர் கை தூக்க விரும்பாத தீர்மானத்தைக் குமாஸ்தா ஓட்டு வரைக்கும் வர விடுவதில்லை. ஆகவே காது கேட்டதும் கை எழும்புவது அவருக்குப் பழகிப்போயிருந்தது. அப்போது அவர் தம் மாட்டுக்கு வந்திருந்த குளம்பு நோயைப் பற்றி ஹெட்மாஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வார்த்தைகள் காதில் விழுந்தன. பேச்சை நிறுத்தாமலே வலது கையைத் தூக்கினார்.

தரையிலிருந்து ஒரு குரல், "பிரசிடெண்டே தூக்கிட்டாரு மாமே" என்றது.

நாயக்கர் மேலே பார்த்தார். அங்கே தம் கை இருப்பதைக் கண்டு, அதைக் கொண்டுவந்து பிடரியைச் சொறிந்துகொண்டார்.

"இன்னா வாத்தியாரே, நான் வேடிக்க பாக்க வந்தவன். என் கைய எழுதிகினு போயிடாதீங்க."

"எழுத மாட்டோங்க. நீங்க அங்கத்தினர் இல்லையே" என்றார் டேவிட்.

என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் எழுதவில்லை. அந்தக் கையைச் சேர்க்காமல் எண்ணினால் ஆதரவு நான்கு, எதிர்ப்பு நான்கு. சரிசமமாக வந்தால் என்ன விதி என்று டேவிட் கேட்டார். அக்கிராசனர் தம் ஓட்டைப் போட வேண்டும் என்று புத்தகத்தில் உள்ளபடியே சொன்னான் திருவேங்கடம். நாயக்கர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அப்புறம் இன்னா, முடிஞ்சுபோச்சு. சொல்லுடா."

திருவேங்கடம் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே யாரோ கிணற்றில் தண்ணீர் சேந்தும் சத்தம் கேட்டது.

"நைனா கைய கணக்குல சேக்க வாணாம் சார். அதுக்குப் பதிலா என்னுத எழுதிக்கோங்க" என்றான்.

சொல்லிவிட்டு, வகுப்பில் உத்தரவு கேட்கிற மாதிரி, முழங்கை வளையாமல் கையைத் தூக்கினான்.

நாயக்கர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மகனை அவர் பார்க்கவில்லை. மாட்டைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஹெட்மாஸ்டரிடம் சொன்னார். கதவுக்குப் போகிற வழியில் ஜன்னலோரம் டேவிட்டுக்கு முன்னால் நின்றார்.

"ரிப்போர்ட்டு மேல போவுதில்ல? மாசக் கடசில கமிட்டி கூடுது. ரெண்டயும் மனசுல வச்சுகினு எழுதுங்க."

மணி அடித்துப் பையன்கள் போன பிறகு ஹெட்மாஸ்டர் அறையில் மூவரும் உட்கார்ந்தோம். கூட்டம் நடந்தது, விவாதம் ஒழுங்காக இருந்தது என்பதோடு நிறுத்திவிடலாம், முடிவை யாரும் கேட்கவில்லை என்றார் ஹெட்மாஸ்டர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. டேவிட்டின் மனைவி சாராளுக்கு இது எட்டாவது மாதமாயிற்றே என்றும் கேட்டார். டேவிட் ஆமாம் என்றார். என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். நாயக்கர் பேர் அதில் எங்கும் இல்லை. கொடுத்த வார்த்தை அது. அக்கிராசனர் ஓட்டோடு தீர்மானம் நிறைவேறியது என்ற கடைசி வரியில் ஹெட்மாஸ்டர் விரலை வைத்தார்.

"இத மட்டும் எடுத்துடுவோமே, டேவிட்."

"பையன் தூக்கிட்டான் சார். அத்த நான் எப்படி எறக்கறது?"

டேவிட் கையெழுத்துப் போட்டார். ஹெட்மாஸ்டர் வெகுநேரம் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, வழக்கமாகப் பக்கத்தின் பாதியை அடைக்கும் தம் கையெழுத்தை மூலையில் சின்னதாகப் போட்டார். நான் உறையை ஒட்டி, அரக்கை உருக்கி ஊற்றி, பள்ளி முத்திரையை அழுத்தினேன்.

தபாலாபீசுக்குப் போகும் வழியில் மதகுக் கட்டைமேல் திருவேங்கடம் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குப் போகவில்லையா என்றேன். போகணும் என்றான். எழுந்திருக்கவில்லை.

பட்டணத்து பஸ் புறப்படத் தயாராக நின்றது. போஸ்ட்மாஸ்டர் உறையில் முத்திரை குத்திப் பையில் போட்டு, வாயைக் கட்டி, கண்டக்டரிடம் கொடுத்தார். கண்டக்டர் அதை உள்ளே மல்லிகைக் கூடைகளுக்கு நடுவில் தள்ளினான். கூடைமேல் போர்த்தியிருந்த ஈரத்துணியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கூடைக்காரி ஒருத்தி முணுமுணுத்துக்கொண்டே காலால் பையை நகர்த்தி, ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்தாள்.